பல்லைப் பிளக்காமல் உள்ளே பார்க்கும் மைக்ரோ சிடி

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில், கன்னப்பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழுவதால் இரண்டாவது கண்ணில் படுவதில்லை. வேர்சிகிச்சையில் அது விடுபட்டால் கிருமி அங்கேயே தங்கிவிடும். இத்தகைய நுண்வழிகளை, பிடுங்கிய பற்களில் அளந்து பார்க்க உதவுவது மைக்ரோ சிடி, அதாவது மிக நுண்ணிய சிடி ஸ்கேன்.

மருத்துவமனை சிடியில் கதிர்க்குழாய் நோயாளியைச் சுற்றும். இதில் பெரும்பாலும் பல்தான் சுழலும். அரை டிகிரிக்கு ஒன்று என முழுச் சுற்றில் 720 நிழற்படங்கள். அவற்றிலிருந்து கணினி பல்லைக் குட்டிக் கனசதுரங்களாக, அதாவது வோக்சல்களாக, கட்டியெழுப்பும். பல் மருத்துவரின் கோன்பீம் சிடியில் ஒரு வோக்சல் சுமார் 75 முதல் 400 மைக்ரோமீட்டர். இங்கே 10 முதல் 20. கதிரளவு மிக அதிகம் என்பதால் உயிருள்ள வாயில் இதைச் செய்ய முடியாது.

படமெடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் பல் காய்ந்தால் டென்டின், அதாவது எனாமலுக்கு அடியிலுள்ள பல்பகுதி, சுருங்கும், விரிசலும் விடும். பிறகு அந்த விரிசல் சிகிச்சைக் கருவியால் வந்ததா, காய்ந்ததால் வந்ததா என்று சொல்லவே முடியாது. ஆகவே மூடிய குழாயில், அடியில் ஈரப் பஞ்சு வைத்து, பல் அசையாதபடி இறுக்கி நிறுத்த வேண்டும். இதில் சலுகையே கூடாது.

பெரிய தொல்லை வேறு. குழாயிலிருந்து வரும் கதிரில் பல ஆற்றல்கள் கலந்திருக்கும். பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். வலுக்குறைந்த கதிர்கள் மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். எஞ்சிய வலுவான கதிர்கள் எளிதாகக் கடந்துவிடுவதால், உள்ளே கனிமம் குறைவு என்று கணினி கணக்கிடும். விளிம்பு வெளுத்தும் உட்புறம் மங்கியும் தெரியும். தொடக்கச் சொத்தையும் இப்படித்தான் இருக்கும்: மேல்தோல் கெட்டி, அடியில் கனிம இழப்பு! இதைத் தவிர்க்க, கதிரின் வழியில் 0.5 முதல் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்து வலுக்குறைந்தவற்றை முன்பே வடிகட்டுவார்கள். கதிர் குறைவதால் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் கூடும். பல்லின் முக்கியக் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டின், அடர்த்தி தெரிந்த துண்டுகளையும் அதே அமைப்பில் படமெடுத்தால்தான் சாம்பல் நிறத்தைக் கனிம அளவாக மாற்ற முடியும்.

டென்டினின் நுண்குழல்கள் 1 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். அவை இதில் பிடிபடா. அந்த நுணுக்கத்துக்கு சின்க்ரோட்ரான் என்னும் பெரிய துகள்முடுக்கி தரும் வலுவான எக்ஸ்ரே கதிர் கைகொடுக்கும். அதிலிருந்து ஒரே ஆற்றலைப் பிரித்தெடுக்கலாம் என்பதால் மேற்சொன்ன மங்கலும் எழாது. பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன மனித இனத்துக் குழந்தைகளின் பற்களைப் பிளக்காமலே உள் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அவர்கள் இறந்த வயதைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.