சிக்கெடுக்கக் கத்தரிக்கோல் எடுக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் கிளினிக்குக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவதுண்டு. போன சித்திரையில் ஒரு அம்மா தன் பெர்சியன் பூனையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "ஏனுங்க டாக்டர், சிக்கைத்தான் வெட்டுனேனுங்க. தோலும் சேர்ந்து வந்திருச்சுங்க."

முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் 2 அங்குலத்துக்குத் தோல் வாய் பிளந்திருந்தது. ரத்தம் அதிகமில்லை, அதனால் வெட்டியது அவருக்கே உடனே தெரியவில்லை. 5 தையல் போட்டேன்.

பூனையின் தோல் மெல்லியது, தொளதொளவென்றும் இருக்கும். சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும். முடி எது, தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது.

சீப்பைக் கண்டதும் பூனை ஓடுகிறதென்றால் முன்பு வலித்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளுக்குச் சிக்கெடுக்கும்போது முடியின் வேர்ப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வோமில்லையா, அதேதான் இங்கும். சிக்குக்கு அடியில், தோலை ஒட்டி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பல் அகலமான எஃகுச் சீப்பு போதும். பேன் சீப்பு வேண்டாம், பிய்த்துவிடும். கம்பி பிரஷ் மட்டும் போட்டால் மேல்முடி பளபளக்கும், அடியில் சிக்கு அப்படியே கிடக்கும்.

ஒரு தடவைக்கு 2 நிமிடம், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுச் சொக்கிக் கிடக்கும் நேரம் பார்த்து, கன்னத்தில் ஆரம்பியுங்கள். வாலைப் படபடவென்று அடித்தாலோ முதுகுத் தோல் சிலிர்த்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள், அடுத்தது கடிதான். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்று யார் சொன்னது?

குளிப்பாட்டினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். நனைந்த சிக்கு இன்னும் இறுகும். தோலோடு கம்பளி மாதிரி ஒட்டிப்போயிருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள்; தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து மெஷினால் எடுப்போம்.

நன்றாகச் சீவ விட்டுக்கொண்டிருந்த வயதான பூனை திடீரென்று சீறினால் மூட்டுவலியாக இருக்கலாம். அதற்காக வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். வட்டவட்டமாக முடி கொட்டிச் செதில் தெரிந்தால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். அது வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

தையல் பிரிக்க வந்த அன்று அந்த அம்மா பையிலிருந்து புதுச் சீப்பை எடுத்துக் காட்டினார். "நீங்க சொன்னதுதானுங்களே?"

பேன் சீப்பு.