பி.ஆர்க் உதவித்தொகை: கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை மாட்ட, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டிடக்கலை கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பு. பட்டியலின, பழங்குடி வீடுகளிலிருந்து இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் குறைவு என்று கருத்தரங்குகளில் வருத்தப்படுகிறார்கள். வரத் துணிந்தவர்களை எந்த கவுன்டர் திருப்பி அனுப்பியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இவர்களுக்கு உரியது, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியலின மாணவர்களுக்கான செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம்; பழங்குடி மாணவர்களுக்கு 75, 25. பின்னணி இவ்வளவு போதும்.

மாணவர்கள் சிக்கும் முதல் பொறி பிளஸ் 1 பாடப்பிரிவிலேயே இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் படிக்காதவருக்கு பி.ஆர்க் கிடையாது. அடுத்தது, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாலே பி.ஆர்க்குக்கும் சேர்த்துத்தான் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் இதற்கு விண்ணப்பமும் தரவரிசையும் தனி. நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும்.

நான் பார்த்ததில் அதிகம் பேர் விழுந்த குழி நிர்வாக ஒதுக்கீடு. "இப்போது இந்த இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், உதவித்தொகை தானாக வரும்" என்பார்கள் கல்லூரியில். வராது. அரசுக் கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்குத்தான் அது. கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் எந்த ஒதுக்கீடு என்று எழுதியிருக்கிறது என்பதை நீங்களே படியுங்கள். கட்டண நிர்ணயக் குழு விதித்ததற்கு மேல் ஸ்டூடியோ, மாடல், சுற்றுலா என்று கேட்பதை அரசு தராது. கட்டினால் ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே அறிவித்துவிட்டது.

கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்றால், "சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறதே" எனத் திருப்பி அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் உங்களுக்கும் உதவித்தொகை உண்டு. நகராதீர்கள்.

பிறகு ஆதார். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால்; இந்த அற்ப வேறுபாட்டுக்கே விண்ணப்பம் நின்றுவிடும். சேர்க்கைக்கு முன்பே திருத்துங்கள். வங்கிக் கணக்கு இரண்டு மூன்று இருந்தால், கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். அது முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும், யாரும் சொல்ல மாட்டார்கள். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள்.

பணம் வரவில்லையா? "மேலிடத்திலிருந்து வரவில்லை" என்று கல்லூரியும், "கல்லூரி அனுப்பவில்லை" என்று நலத்துறை அலுவலகமும் உங்களைப் பந்தாடும். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். அதே வகுப்பில் பணம் வராதவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுத்து எண் வாங்குங்கள். கூடவே, விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் நிற்கிறது என்று கேட்டு, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றையும் போடுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.