எதிர்ப்பொருள் குறுக்கீடு

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 38 என்று வந்தது. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய அளவு. ஆனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருந்தது, அத்தைக்குச் சோர்வும் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வேறு கம்பெனி மெஷின் உள்ள லேபில் மறுபடி பார்க்கச் சொன்னார். அங்கே 2.6. "ஆன்டிபாடி இன்டர்ஃபியரன்ஸ்" என்றார். "அப்போ மொத லேப்ல தப்பு பண்ணிட்டாங்களாப்பா?" என்று அத்தை கேட்டார். அப்புறம்தான் இதற்குத் தமிழ்ச் சொல்லைத் தேடிப் போனேன்.

ஆன்டிபாடி என்பது கிருமி போன்ற வெளிப்பொருளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம். அந்தப் பெயருக்கு மூலம், 1891இல் பால் எர்லிக் எழுதிய 'ஆன்டிகோர்ப்பர்' என்ற ஜெர்மன் சொல். 'கோர்ப்பர்' என்றால் உடல்; இங்கே அது ஒரு பொருளைத்தான் குறிக்கிறது. நம் பாடநூல்களில் எதிர்ப்பொருள், இலங்கையில் பிறபொருளெதிரி. இரண்டாவது அழகான சொல், வேலையையே பெயராக வைத்திருக்கிறது. ஆனால் தைராய்டு விஷயத்தில் அது இடறுகிறது. சிலருடைய ரத்தத்தில் அவர்களுடைய சொந்த டி4-ஐயே பிடிக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அதனால் டி4 அளவு பொய்யாகக் கூடித் தெரியலாம். பிடிபடுவது பிறபொருள் அல்லவே! அதனால் இங்கே எதிர்ப்பொருள்தான் சரி.

இன்டர்ஃபியரன்ஸின் வேர் லத்தீன்: 'இன்டர்' நடுவே, 'ஃபெரீரே' அடித்தல். ஒளி அலைகளுக்குக் 'குறுக்கீட்டு விளைவு' என்று பள்ளியில் படித்திருப்போம். அதே சொல் இங்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. டிஎஸ்எச் சோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் சுண்டெலியிலிருந்து உருவாக்கியவை. ஒன்று டிஎஸ்எச்சை ஒரு பக்கம் பிடிக்கும். ஒளி தரும் அடையாளத்தோடு இன்னொன்று மறுபக்கம் பிடிக்கும். அந்த ஒளிதான் அளவு. இப்படி விலங்கிலிருந்து வந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கக்கூடிய வேறோர் எதிர்ப்பொருள் நம் ரத்தத்திலேயே இருந்தால், நடுவே டிஎஸ்எச் இல்லாமலே இரண்டையும் கோத்துவிடும். மெஷின் அதையும் டிஎஸ்எச் என்றே எண்ணும்.

ஆகவே 'பிழை' என்பது பொருந்தாது. லேபில் யாரும் தவறு செய்யவில்லை. 'இடையூறு' என்றால் வேலை தடைபட்டதுபோல் ஆகும். இங்கே வேலை நடந்திருக்கிறது, கணக்குத்தான் மாறியிருக்கிறது. முடிக்காக விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமினும் சில சோதனைகளில் குறுக்கிடும், ஆனால் அது எதிர்ப்பொருள் அல்ல. அதனால் 'எதிர்ப்பொருள்' என்ற முன்சொல்லை விடக் கூடாது.

அத்தையிடம் இதைச் சொன்னதும், "நடுவுல ஒண்ணு பூந்துகினு கணக்க மாத்திடுச்சுன்னு சொல்லு" என்றார். இரண்டு ரிப்போர்ட்டும் இப்போது ஒரே ஃபைலில் இருக்கின்றன. அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்ட, மேலே பேனாவால் 'எதிர்ப்பொருள் குறுக்கீடு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.