விளக்கு அணைந்தால் விமானம் விழுமா?

திரையில் தனி ஜெட் விமானத்துக்கு ஆபத்து வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். காக்பிட்டில் தீப்பொறி தெறிக்கும், திரைகள் கறுத்துப்போகும், அடுத்த நொடியே இன்ஜின் நின்று விமானம் தலைகுப்புற இறங்கும். மின்சாரம் போனால் இன்ஜின் ஏன் நிற்க வேண்டும்? எனக்கு இந்தக் கேள்விதான் படத்தைவிட சுவாரசியம்.

பம்ப் ஸ்டவ்வில் சமைத்த வீடுகளுக்கு இது சட்டென்று புரியும். ஒரு முறை பற்றவைத்துவிட்டால், எண்ணெயும் காற்றும் வரும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். ஜெட் இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் கார் போல ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி கேட்காது. எரிபொருளை உள்ளே தள்ளும் முக்கிய பம்பை இன்ஜினின் சுழற்சியே பல்சக்கரங்கள் வழியாக ஓட்டுகிறது. இன்ஜினைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய விமானங்களில், அந்தக் கணினிக்கென்றே மின்சாரம் உண்டாக்கும் ஒரு சின்ன ஆல்டர்னேட்டர் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். ஆக, காக்பிட் முழுக்க இருட்டானாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடும்.

அமெரிக்காவின் விச்சிட்டாவில் செஸ்னா நிறுவனம் கட்டிய பழைய சைட்டேஷன் விமானங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் ஒரு ஜெனரேட்டர். இரண்டும் 28 வோல்ட் டி.சி. மின்சாரம் தருகின்றன. ஒன்று போனால் மற்றது சமாளிக்கும். இரண்டும் போய்விட்டால் மிச்சம் இருப்பது 24 வோல்ட் பேட்டரி. அப்போது விமானி அவசியமில்லாத எல்லாவற்றையும் அணைக்கிறார். ஒரு ரேடியோ, திசை காட்டும் கருவி, இன்னும் சில என்று உயிர்நாடியானவை மட்டும் ஓடும். அதற்குக் கணக்கு சுமார் அரை மணி நேரம். கரண்ட் போன வீட்டில் இன்வெர்ட்டரை நம்பி ஒரே ஒரு விளக்கோடு உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது. அதற்குள் ஓடுதளத்தைப் பிடித்துவிட வேண்டும்.

பிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. இறக்கையிலும் வாலிலும் இருக்கும் அசையும் தகடுகளை இழுப்பது இரும்புக் கம்பிகள், அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். சக்கரங்களை விமானி கையால் விடுவிக்கலாம். தம் எடையிலேயே அவை கீழே இறங்கும், முழுதாக இறங்கிப் பூட்டிக்கொள்ளாவிட்டால் அழுத்தி வைத்த வாயு தள்ளிவிடும். ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப் என்ற மடக்குத் தகட்டை இறக்குவது மின் மோட்டார். ஃப்ளாப் இல்லாமல் மெதுவாகப் பறக்க முடியாது. வேகமாக வந்து இறங்க வேண்டும், அதற்கு நீளமான ஓடுதளம் வேண்டும். உயிர் போகும் ஆபத்து இந்தக் கணக்கைத் தப்பாகப் போடுவதில்தான் இருக்கிறது. கேமராவுக்கு இதில் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு மனிதர் வரைபடத்தைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, யோசிக்கிறார், அவ்வளவுதான்.

சரி, பேட்டரியே பகையானால்? நிக்கல் காட்மியம் பேட்டரி சூடானால் மின்சாரத்தை இன்னும் அதிகமாக இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும். அதனால் அந்த வகை பேட்டரி உள்ள சைட்டேஷன்களில் 63 டிகிரி செல்சியஸில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும், 71 டிகிரியில் அது விட்டு விட்டு மின்னும். விமானி பேட்டரியைத் துண்டித்துவிடுவார்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு. 2011 மே மாதம் ஒரு ஃபால்கன் 7எக்ஸ் கோலாலம்பூர் அருகே சுபாங் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டளைகளைக் கம்பிக்குப் பதில் மின்சாரமே கொண்டுபோகும் முதல் தனி ஜெட் வகை அது. மின்சாரம் போகவில்லை. சுமார் 13,000 அடியில், வாலின் கிடைமட்டப் பகுதி யாரும் சொல்லாமல் தானாக நகர்ந்தது. மூக்கு வானத்தைப் பார்த்து 40 டிகிரிக்கு மேல் எழும்பியது. விமானிகள் ஸ்டிக்கை முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. வேகம் கரைந்துகொண்டே போனது.

அப்போது துணை விமானி விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். ராணுவத்தில் போர் விமானம் ஓட்டிப் பழகிய கை அது. உள்ளங்கையை விமானமாக வைத்துப் பாருங்கள்: விரல்கள் மேலே எழும்பும்போது கையைப் பக்கமாகத் திருப்பினால், அதே தூக்கல் வானத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் போகிறது. விமானம் ஏறுவதை விட்டுத் திரும்ப ஆரம்பிக்கும், மூக்கு மெல்ல அடிவானத்துக்கு வரும். சுமார் இரண்டரை நிமிடம் இப்படியே போராடி, 22,000 அடியையும் தாண்டிப் போய், கடைசியில் விமானம் கைக்கு வந்தது. பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

வாலை நகர்த்தும் மின்னணுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த விசாரணையாளர்கள், ஒரு பின்னின் சால்டரிங்கில் குறை இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூக்குத்தியின் கல் அளவுகூட இருக்காத ஒரு துளி ஈயம். இதற்குள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, சம்பவம் நடந்த சில நாட்களுக்குள்ளேயே, உலகத்தில் இருந்த ஃபால்கன் 7எக்ஸ் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தி வைத்துவிட்டது.