கிர்மிட்: சொல்லின் பிறப்பும் அதற்குரிய தமிழும்

கடல் கடந்து சென்று குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரு முதலாளியின்கீழ் வேலை செய்வதாகக் கையெழுத்தோ கைநாட்டோ இட்டுக் கொடுத்த பத்திரத்துக்குக் கிர்மிட் என்று பெயர். அந்தப் பத்திரத்தின்கீழ் கழிந்த வாழ்க்கைக்கும் அதுவே பெயராயிற்று. கிர்மிட்டில் வந்தவர் கிர்மிட்டியர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து 1911 வரை, ஏறக்குறைய 1,52,000 பேர் இந்த முறையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோருடைய முன்னோர் அவர்களே என்பதால், இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்பதில் நமக்கு அக்கறை இருந்தாக வேண்டும்.

சொல்லின் மூலம் 'அக்ரிமென்ட்' என்னும் ஆங்கிலச் சொல். கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டு மக்களின் பேச்சில் அதன் முதல் உயிரெழுத்து நழுவி, 'க்ரி' என்பது 'கிர்' என்று இடம் மாறி, கடைசி அசை 'மிட்' என்று குறுகியது. 'இயா' என்ற இந்தி விகுதி சேர்ந்து 'கிர்மிட்டியா' பிறந்தது. காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் இச்சொல்லை எடுத்தாண்டு, இது அக்ரிமென்ட் என்பதன் திரிபு என்று விளக்கியிருக்கிறார். தமிழர் பேச்சிலோ அதே ஆங்கிலச் சொல் 'அக்கிரிமெண்டு' என்று ஏறக்குறைய முழுமையாகவே நின்றது. தமிழ்நாட்டில் இன்றும் வாடகை வீட்டுக்கு அக்கிரிமெண்டு போடுகிறார்கள்.

சட்ட நூல்களில் இதற்கு வழங்கிய சொல் 'இன்டென்ச்சர்'. பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பழைய ஐரோப்பிய வழக்கில் ஒரே தாளில் உடன்படிக்கையை இருமுறை எழுதி, நடுவே பற்பற்களாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். வழக்கு வந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டுவாய் பொருந்தினால் பத்திரம் மெய். இரு தரப்புக்கும் சமமான பிடி உண்டு என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நேட்டாலின் கிர்மிட்டில் அந்தச் சமம் இல்லை. சாதாரண வேலையாள் ஒருவர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டால், முதலாளி உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுக்க முடியும். கிர்மிட்டியர் அதையே செய்தால் அது குற்றம், தண்டனை சிறை. 1894 வாக்கில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றார். அத்தனை நடந்த பிறகும் அவர் தம் விருப்பப்படி விலகிவிடச் சட்டத்தில் இடமில்லை. அவருடைய ஒப்பந்தத்தை வேறொரு வெள்ளையரின் பெயருக்கு மாற்றித்தான் அவரை மீட்க முடிந்தது. ஆளைப் பத்திரத்தோடு கைமாற்றிக் கொடுக்க முடிந்த ஓர் ஏற்பாட்டை 'உடன்பாடு' என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்த பின்னும் பிடி தளரவில்லை. மறுபடியும் கிர்மிட் எழுதிக் கொடுக்காமலும் ஊர் திரும்பாமலும் இங்கேயே தங்கிவிட விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். முதலாண்டுச் சம்பளக் கணக்கில் ஆறு மாத உழைப்பு. 1913-இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் பெரும் வேலைநிறுத்தம் மூண்ட பிறகே, 1914-இல் அந்த வரி நீங்கியது.

இந்த முறை விட்டுச்சென்ற ஆவணங்களில் நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானவை கப்பல் பட்டியல்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உயரம், உடலில் உள்ள அடையாளம். தழும்பும் மச்சமும் வரை எழுதிக்கொண்டார்கள், ஓடிப்போனால் பிடிப்பதற்கு உதவும் என்று. இன்று கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கிர்மிட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் கூலி. "மெய்வருத்தக் கூலி தரும்" என்று குறள் சொல்லும்போது, கூலி என்பது உழைத்தவன் கைக்கு வரும் ஊதியம். காலனி ஆட்சியின் ஆங்கிலத்தில் அது ஊதியத்தை விட்டு ஆளின்மேல் ஏறியது. ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்தின் கோலி இனப்பெயர் மூலமாயிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் அனைவர்மீதும் எறியப்பட்ட வசையாயிற்று. கடை வைத்தவர் 'கூலி வியாபாரி'. வழக்கறிஞர் 'கூலி பாரிஸ்டர்'. முனுசாமி, ராமசாமி போன்ற பெயர்களின் ஈறான 'சாமி'யையும் இதே தொனியில் கூப்பிட்டார்கள். தலைவன், கடவுள் என்று பொருள்படும் சொல் அது என்பதைக் கூப்பிட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே தமிழ்நாட்டு நூல்களில் வழங்கும் 'ஒப்பந்தக் கூலிகள்' என்ற தொடரை நாம் அப்படியே எடுத்தாள்வது நன்றன்று. அங்கே அது இயல்பான சொல்லாக இருக்கலாம். இங்கே அது காயம். 'கொத்தடிமை' என்பதும் பொருந்தாது. அது பெரும்பாலும் கடனுக்காகக் காலவரையறையின்றி அடைபட்டுக் கிடப்பது, கிர்மிட்டுக்கோ கால எல்லையும் அரசுப் பதிவும் இருந்தன. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளச் சிவபெருமான் கிழவேதியராக வந்து காட்டிய 'ஆளோலை' அழகிய பழஞ்சொல்தான் என்றாலும், அது வழிவழியாக வரும் அடிமைக்குரியது. எஞ்சுவது 'ஒப்பந்தத் தொழிலாளர்'. பொதுவாக இதுவே ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் இன்றைய தமிழில் இச்சொல், நிரந்தரப் பணியில்லாமல் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்க்கும் நகராட்சித் துப்புரவுப் பணியாளரையும் ஆலைத் தொழிலாளரையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது. வேலையை விட்டால் சிறை என்ற செய்தி அதில் இல்லை.

பத்திரத்தைப் 'பிணை ஒப்பந்தம்' என்றும், அதில் வந்தவரைப் 'பிணை ஒப்பந்தத் தொழிலாளர்' என்றும் எழுதுவதே சரி என்பது என் கருத்து. பிணை என்னும் சொல் கட்டுதலையும் குறிக்கும், சட்டப் பொறுப்பையும் குறிக்கும். வரலாற்றுக் கட்டுரைகளில் அது முதன்முதலாக வரும் இடத்தில் கிர்மிட் என்ற சொல்லையும் உடன் தந்துவிடலாம். தம் சொந்தச் செலவில் வணிகத்துக்காக வந்தவர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவர்கள் 'பயணி இந்தியர்' என்று தனியே அறியப்பட்டவர்கள். 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல் இரு சாராரையும் தழுவும் என்பதால், யார் எப்படி வந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அது உதவாது.