12 டிகிரி ஓட்டை

போன மாதம் ஒரு பெரியவர் என் பட்டறைக்கு வந்தார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், வாரத்தில் மூன்று நாள் காலையில் கோல்ஃப் ஆடுகிறவர். கையில் ஒரு 60 டிகிரி லாப் வெட்ஜ். குறைந்த தூரத்துக்குப் பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் வகை மட்டைகளில் முகம் மிகவும் சாய்ந்தது அது; டிகிரி என்பது அந்தச் சாய்வு. "இது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. 58 இருந்தால் ஒன்று கொடுங்கள்" என்றார். அவருக்குப் பின்னால் பையைச் சுமந்தபடி அவருடைய கேடி நின்றிருந்தார்.

மட்டைகளை அளந்து, வேண்டிய அளவு வளைத்து, ஆளுக்கேற்றபடி பொருத்திக் கொடுப்பது என் தொழில். வெட்ஜ் கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "சார், உங்கள் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி?" வெட்ஜுகளில் சாய்வு மிகக் குறைந்தது அது; மற்றவற்றின் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

பதில் தெரிந்து வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவருக்கும் தெரியவில்லை. மட்டையில் 'பி' என்ற ஓர் எழுத்து மட்டும்தான் பொறித்திருந்தது. கோணம் பார்க்கும் கருவியில் மாட்டினேன். 44 டிகிரி. அதற்கு அடுத்து அவர் பையில் இருந்தது மணலிலிருந்து அடிக்க உதவும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். அதற்கும் அடுத்தது, வேண்டாம் என்று தூக்கி வந்த அந்த 60.

44க்கும் 56க்கும் நடுவே 12 டிகிரி வெற்றிடம். 56க்கும் 60க்கும் நடுவே நான்கே டிகிரி. இவரோ அந்த நான்கை இரண்டாகக் குறைக்க என்னிடம் பணம் கொடுக்க வந்திருக்கிறார்.

வலையில் பந்தடிக்க வைத்து, கருவியில் தூரம் பார்த்தோம். பிட்சிங் வெட்ஜில் பந்து சராசரியாக 104 யார்டு பறந்து இறங்கியது. சாண்ட் வெட்ஜில் 72. "88 யார்டு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பிட்சிங்கைக் கொஞ்சம் மெதுவாக அடிப்பேன்" என்றார். கேடி தரையைப் பார்த்துச் சிரித்தார். மெதுவாக அடிக்கப் போன பந்துகளைப் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், போய்த் தேடியவர் அவர்தானே.

இது இவர் ஒருவருடைய கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். லாஃப்ட் என்பது மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சாய்வு கூடினால் பந்து உயரம் போகும், தூரம் குறையும். நான் தொழிலுக்கு வந்தபோது பிட்சிங் வெட்ஜ் என்றால் 48 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதற்குக் கீழே 52, 56, 60 என்று நான்கு நான்காக இறங்கினால் கணக்கு நேராக வந்துவிடும். அந்த வாய்ப்பாடுதான் இன்றும் எல்லோர் நாக்கிலும் இருக்கிறது. ஆனால் வாய்ப்பாடு தொடங்குகிற இடம் நகர்ந்துவிட்டது. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்காக விற்கப்படும் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிதான். சிலவற்றில் அதைவிடவும் குறைவு. அந்தக் காலத்து 9ஆம் எண் அயர்னை, அதாவது வெட்ஜுக்கு முந்தைய இரும்பு மட்டையை, எடுத்து 'பி' என்று பெயர் மாற்றி வைத்ததுபோல.

கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. இப்போதைய அயர்ன்களில் எடையைக் கீழே இறக்கி வைக்கிறார்கள். அதனால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்புகிறது. பழைய லாஃப்டையே வைத்தால் வானத்துக்குப் போகும், முன்னே போகாது. ஆகவே சாய்வைக் குறைப்பதில் நியாயம் உண்டு. 'உங்கள் 7ஆம் எண் அயர்ன் 15 யார்டு கூடுதலாகப் போகும்' என்று விளம்பரம் செய்ய அது வசதியாகவும் இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த 15 யார்டுக்கான விலையை நீங்கள் கொடுப்பது பையின் அடுத்த முனையில், வெட்ஜுகளுக்கு நடுவே விழும் ஓட்டையில்.

எனவே வெட்ஜ் வாங்கக் கிளம்பும் முன் பிட்சிங் வெட்ஜை அளந்துகொள்ளுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் லாஃப்ட் பட்டியல் இருக்கும். கருவியில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். நாள்பட்ட மட்டையானால் இன்னும் விலகியிருக்கலாம். பிறகு, ஒவ்வொரு வெட்ஜிலும் பத்துப் பந்து அடித்து, அவை விழுந்த இடத்தைக் கணக்கெடுங்கள். உருண்டு நின்ற இடம் கணக்கில் வராது. பத்தில் மிக நன்றாகப் போன ஒன்றை 'என் தூரம்' என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சராசரி.

வேகமாக வீசுகிறவருக்கு நான்கைந்து டிகிரி வித்தியாசமே பத்துப் பன்னிரண்டு யார்டு தரும். மெதுவாக வீசுகிறவருக்கு அதே வித்தியாசத்தில் ஐந்தாறு யார்டுகூட வராமல் போகலாம். வயதானவர்களும் பெண்களில் பலரும் ஆறு, ஏழு டிகிரி இடைவெளி வைத்துக்கொண்டு ஒரு மட்டையை மிச்சப்படுத்தலாம். 44, 50, 56 என்று மூன்றே போதும். ஓங்கி அடிக்கிற இளைஞர் அதே 44க்குக் கீழே 49, 54, 58 என்று போகலாம்.

60 டிகிரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1980 வாக்கில் டாம் கைட் அதைப் பையில் வைக்கத் தொடங்கியபோது அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அது புதுமை. ஃபில் மிக்கெல்சன் 64 டிகிரிகூட வைத்து ஆடியிருக்கிறார். 2013இல் மெரியனில் நடந்த அமெரிக்க ஓப்பனில் மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரையே வீட்டில் விட்டுவிட்டு ஐந்து வெட்ஜுகளோடு வந்தார். பார்க்கிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் 60 டிகிரியில் 50 யார்டு போக வேண்டுமானால் கிட்டத்தட்ட முழு வீச்சு வேண்டும். முழு வீச்சில் ஒரு விரற்கடை தவறினாலும் மட்டை பந்துக்கு அடியில் நழுவிப் போய், பந்து இருந்த இடத்திலேயே எழும்பி விழும். அல்லது விளிம்பில் பட்டு, குழி இருக்கும் கிரீனைத் தாண்டி ஓடும். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; அது கூடினால் திறன் குறைவு) 15க்கு மேல் உள்ளவர் கேட்டால் நான் விற்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கச் சொல்வேன். விற்பனை போனாலும் பரவாயில்லை. கரை உயர்ந்த பங்கர்களும் மேடான கிரீன்களும் நிறைந்த மைதானத்தில் தினமும் ஆடுகிறவர் என்றால் அது வேறு.

லாஃப்டைப் பற்றி இத்தனை பேசுகிறவர்கள் பௌன்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. வெட்ஜைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். முன் விளிம்பைவிடப் பின் விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வின் கோணம்தான் பௌன்ஸ். மட்டை மண்ணுக்குள் கொத்திக்கொண்டு போகாமல் சறுக்கி எழும்ப அது உதவுகிறது. சாண்ட் வெட்ஜ் பிறந்த கதையே அதுதான். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரஸன் ஒரு நிப்ளிக்கின் (அந்தக் காலத்துச் சாய்வான இரும்பு மட்டையின்) பின்பக்கத்தில் ஈயம் பற்றவைத்துத் தடிப்பாக்கி, பின் விளிம்பு முதலில் மணலைத் தொடும்படி செய்தார். 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் அந்த மட்டையோடுதான் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அதைப் பையில் தலைகீழாகச் செருகி வைத்திருந்தார் என்று சொல்வார்கள்.

இதில் நானே ஒருமுறை வழுக்கினேன். ஒரு மே மாதம், லாஃப்டை மட்டும் பார்த்து, 14 டிகிரி பௌன்ஸ் உள்ள 56 ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். பங்கரில் அருமை, ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல் தடத்தில்) எல்லாப் பந்தும் தலையில் அடிபட்டு ஓடுகிறது என்றார். சென்னையின் கோடையில் தரை சிமெண்டுத் தளம் மாதிரி இறுகிக் கிடக்கும். தடித்த அடிப்பாகம் அதில் பட்டுத் துள்ளியது. முன் விளிம்பு பந்தின் இடுப்பில் போய் மோதியது. அதே மட்டையை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தரையில் ஆடியிருந்தால் என்னைப் புகழ்ந்திருப்பார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எங்கே ஆடுகிறீர்கள், எந்த மாதத்தில் அதிகம் ஆடுகிறீர்கள், தரையை வெட்டி அடிப்பீர்களா, வழித்து அடிப்பீர்களா என்று கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை. பொதுவாக, மணலுக்கு எடுக்கும் மட்டையில் 10 முதல் 12, புல்லில் முழு வீச்சுக்கு எடுக்கும் மட்டையில் 8 என்று வைத்தால் நம் ஊருக்கு ஒத்துவரும்.

லாஃப்டை வளைத்துத் தரச் சொல்கிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். 56ஐ 54 ஆக்கினால் பௌன்ஸிலும் இரண்டு டிகிரி போய்விடும். 58 ஆக்கினால் இரண்டு கூடும். அதற்கு மேல் வளைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. வார்ப்பு மட்டை என்றால் கழுத்தில் விரிசல் விடக்கூடும்.

இனி எண்ணிக்கை. விதிப்படி 14 மட்டைகளுக்கு மேல் கூடாது. 2001 பிரிட்டிஷ் ஓப்பனில் இயன் வூஸ்னம் கடைசி நாள் முதல் குழியை ஆடி முடித்த பிறகுதான் பையில் 15ஆவதாக இன்னொரு டிரைவர் இருப்பது தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் (அடி) அபராதம். நம் பெரியவர் பையில் சரியாக 14 இருந்தது. 50 டிகிரி ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும்.

60ஐ எடுத்துவிடலாமே என்றேன். அவருக்கு மனம் வரவில்லை. "இருக்கட்டும், பழகிப் பார்க்கிறேன்" என்றார். அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத கேடி பேசினார்: "ஐயா, அந்த 4ஆம் எண் அயர்னை எடுத்துவிடுங்கள். அதை நான் துடைத்தே ஆறு மாதம் ஆகிறது."

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உறையிலிருந்து அந்த அயர்னை உருவி, முகத்தைத் தடவிப் பார்த்தார். பள்ளக் கோடுகள் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே கூர்மையாக இருந்தன. 50 டிகிரி, 8 பௌன்ஸ் என்று எழுதிக்கொண்டேன்.

அந்த 4ஆம் எண் அயர்ன் இப்போது என் பட்டறையில், கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. யாராவது கேட்டால் விற்றுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை யாரும் கேட்கவில்லை.