பதினொரு மணிப் பசி

போன ஜூனில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். "சோறே இறங்க மாட்டேங்குது மேடம். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிர்றான்." நாலு நாளாக மலம் போகவில்லை, வயிற்று வலி. குழந்தை மருத்துவர் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, சாப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். ஏப்ரல் கடைசியிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கும்வரை பையன் அம்மாச்சி வீட்டில் இருந்திருக்கிறான்.

மதுரையில் குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. பள்ளி திறந்த கையோடு இப்படி வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அம்மாவிடம் கேட்பதற்கு முன்னால் குழந்தையிடம்தான் கேட்பேன். "அம்மாச்சி வீட்டுல ஒரு நாள் என்னென்ன சாப்பிட்ட, மணியோட சொல்லு தம்பி."

எட்டரைக்கு எழுந்ததும் பாலும் பிஸ்கட்டும். பத்தரைக்கு ரெண்டு இட்லி. பதினொன்றரைக்கு அம்மாச்சி தரும் பத்து ரூபாயில் சிப்ஸ். பன்னிரண்டரைக்கு மாம்பழ ஜூஸ் பாக்கெட். ஒன்றரைக்குச் சோறு வைத்தால், "பசிக்கல." நாலு மணிக்கு டீயும் முறுக்கும். ஆறு மணிக்கு ஐஸ் வண்டி. ராத்திரி டிவி முன்னால் பரோட்டா. காய் எங்கே என்று கேட்டேன். சாம்பாரில் கிடந்ததை ஒதுக்கி வைத்துவிட்டானாம்.

இந்தப் பட்டியலில் சிப்ஸைவிட என்னை உறுத்தியது அந்த மணிதான். பள்ளிக்கூட நாளில் இடைவேளைக்கு ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி அடிக்கும். விடுமுறையில் மணி அடிக்க ஆளில்லை. பதினொரு மணிக்கு வரும் பசி நிஜமான பசி. அதற்கு ஒரு பாக்கெட்டைக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுப் பசியையும் அதுவே தின்றுவிடும். சோறும் காயும் கீரையும் வயிற்றுக்குள் போகவேண்டிய ஒரே பெரிய வேளை வீணாகிறது. நார்ச்சத்து இல்லை, வெயிலுக்கு ஏற்ற தண்ணீரும் இல்லை. நாலு நாள் மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்?

என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரும் சர்க்கரை டப்பாவும் எப்போதும் இருக்கும். அவன் அம்மாவின் கைப்பையில் அன்றைக்கு வாங்கிய ஜூஸ் பாக்கெட் இருந்தது. பின்பக்கத்தை அவனையே படிக்கச் சொன்னேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம், பாக்கெட் 200 மில்லி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். அவனே அள்ளிப் போட்டான், ஆறரை ஸ்பூன். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏறி நின்றதைப் பார்த்து அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. உடம்புக்குத் தேவையான மொத்த ஆற்றலில், சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்தும் பழச்சாறு, தேனில் இருக்கிற சர்க்கரையிலிருந்தும் வருவது 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 1,700 கலோரி தேவைப்படும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்த 5 சதவீதம் என்பது 21 கிராம். ஒரு பாக்கெட்டிலேயே அது தாண்டிவிட்டது. ஐஸும் பிஸ்கட்டும் டீயும் அதற்கு மேல்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. எது அதிகமோ அதைத்தான் பொருள் பட்டியலில் முதலில் போடவேண்டும் என்பது விதி. முதல் மூன்றில் சர்க்கரையோ பாமாயிலோ மைதாவோ இருந்தால், முன்பக்கம் என்ன பழம் வரைந்திருந்தாலும் நம்பாதீர்கள். எழுத்தே இல்லாமல் விற்கிற கலர் ஐஸ், கலர் மிட்டாய் இன்னும் மோசம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

"நாங்க வெள்ளைச் சர்க்கரையே வாங்குறதில்லை மேடம், கருப்பட்டிதான்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான். தாதுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதை நம்பி இரண்டு மடங்கு போட்டால் பல்லும் உடம்பும் வித்தியாசம் பார்க்காது.

டீயைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ டீ குடித்தால், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அதிலுள்ள டானின் தடுக்கும். குழந்தைகளுக்கு டீயே வேண்டாம் என்பேன். ஊருக்குப் போனால் பெரியவர்களோடு சேர்ந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பதில் சோற்றோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ, சுண்டலில் ஒரு பிழி எலுமிச்சையோ போட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

அந்தப் பையனிடம் பாக்கெட்டை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் ஒளித்து வைத்துத் தின்பார்கள், பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்கு ஒன்று, நாலரை மணிக்கு ஒன்று என்று இரண்டு நேரம் மட்டும் குறித்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்குத் தண்ணீர் நிறைந்தது: வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி, நுங்கு, உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர். மதியப் பசி கெடாது. நாலரைக்கு வயிறு நிரம்பவேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கிறது. அவித்த வேர்க்கடலை, தட்டைப்பயறுச் சுண்டல், தேங்காய்த் துருவல் போட்ட அவல், கேழ்வரகுப் புட்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்பு வளருகிற வயதில் வாரத்தில் மூன்று நாள் புட்டோ அடையோ இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். பாக்கெட் ஞாயிற்றுக்கிழமை ஒன்று, அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் அப்பா சோபாவில் உட்கார்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டு பையனுக்கு மட்டும் வெள்ளரிக்காய் நீட்டினால் இது எதுவும் நடக்காது. இதை அப்பாக்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன். நாலரை மணிச் சுண்டல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து வரவேண்டும்.

ஐஸ் வண்டிதான் விடமாட்டேன் என்றான். சரி, நீயே ஐஸ் செய் என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளி இரண்டு, புளிக்காத கெட்டித் தயிர் ஒரு டம்ளர். சர்க்கரை வேண்டாம், பழமே போதும். மிக்சியில் அடித்துச் சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைக்கவேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாதி இறுகியிருக்கும்போது நடுவில் ஸ்பூனைச் செருகவேண்டும். முதலிலேயே செருகினால் சாய்ந்துவிடும், இதைப் பிள்ளைகளிடம் விட்டால் பத்து தடவை ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். ராத்திரி முழுக்க இருந்தால் மறுநாள் டம்ளரைத் தண்ணீரில் அரை நிமிஷம் முக்கி இழுத்தாலே வந்துவிடும்.

வீட்டில் நாலு வயது ஆகாத குழந்தை இருந்தால் ஒரு எச்சரிக்கை. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, வழுக்குகிற முழு நுங்கு எதையும் அப்படியே கையில் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்து உருண்டையாகவும், நுங்கையும் திராட்சையையும் சின்னதாக நறுக்கியும், உட்காரவைத்துக் கொடுங்கள்.

ஆகஸ்டில் அவன் மறுபடி வந்தான். எடை பெரிதாக மாறவில்லை, அதை நான் எதிர்பார்க்கவுமில்லை. தினமும் மலம் போகிறது, மதியம் சாப்பாட்டு டப்பா காலியாக வருகிறது. காய் இன்னும் ஒதுக்குகிறான், பீன்ஸும் கேரட்டும் மட்டும் உள்ளே போகின்றன. அம்மாச்சியிடம் பத்து ரூபாய்க்குப் பதில் பழம் வாங்கித் தரச் சொல்லிப் போனில் பேசிவிட்டானாம். கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டான்.

"காலாண்டு லீவுக்கு அங்க போறேன் மேடம். அப்ப மாம்பழம் கிடைக்காதே, கொய்யால ஐஸ் பண்ணலாமா?"

"விதை பல்லுல மாட்டும் தம்பி. சப்போட்டாவுல பண்ணு. தோலையும் கொட்டையையும் எடுத்துட்டு அடிக்கணும்."